ஆசனத்தின் கீழே 45 லீற்றர்

பழைய வண்டி, மலைப் பாதை – 9

சென்ற வாரம் வில்தகடுகளோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் எரிபொருள் தாங்கி. இந்தத் தொடரில் நான் மிகவும் தயங்கி எழுதும் பகுதி இதுதான். வில்தகடு உடைந்தால் வண்டி நிற்கும். தாங்கியில் பிழை விட்டால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

குட்டை உடம்பு கொண்ட பழைய லேண்ட்ரோவர் சீரீஸ் வண்டிகளில் பெற்றோல் தாங்கி வலப்பக்க முன் ஆசனத்தின் கீழே இருக்கும். நம் நாட்டில் அது ஓட்டுநரின் ஆசனம். கொள்ளளவு 10 கலன், அதாவது 45 லீற்றர். 1948இல் அந்த வண்டி வந்தபோது இங்கிலாந்தில் உருக்குக்குத் தட்டுப்பாடு. அதனால் உடம்பை அலுமினியக் கலவையில் அடித்தார்கள். ஆனால் தாங்கியை உருக்குத் தகட்டிலேயே விட்டார்கள். என்ன உலோகம், எப்படிப் பற்றவைப்பது என்று யோசிக்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

என் வண்டியின் தாங்கி போன மாரியில் கசிந்தது. அப்புத்தளையில் மூடுபனி இறங்கும் காலைகளில் கதவைத் திறந்தவுடன் பெற்றோல் மணம் முகத்தில் அடிக்கும். கழற்றிப் புரட்டிப் பார்த்தால் அடித்தகட்டின் பின்மூலையில் ஊசி நுழையும் அளவில் நான்கு துளைகள். துரு வெளியிலிருந்து வரவில்லை, உள்ளேயிருந்து வந்திருந்தது. இங்குள்ள ஈரக்காற்று பாதி காலியான தாங்கிக்குள் போய் இரவுக் குளிரில் நீராகப் படியும். நீர் பெற்றோலைவிடப் பாரமானது, அடியில் போய்த் தங்கும். எந்த மூலை தாழ்ந்திருக்கிறதோ அந்த மூலையைத் தின்னும்.

புதுத் தாங்கி கிடைக்கவில்லை. 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடமும் இந்த நாடு பழைய வண்டிகளை ஒட்டியும் தைத்தும்தான் ஓட்டியது. 2022இல் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாய்க்கு ஏறி, கியூஆர் அட்டையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து ஊற்றிய நாட்களில், ஒழுகும் தாங்கி வீட்டுக்காரரின் தூக்கத்தையே கெடுத்தது. அப்போதுதான் பலரும் பட்டறைக்குப் போய் "ஒரு டேங்க் அடிச்சுத் தர ஏலுமா?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

நானும் போனேன். பண்டாரவளைப் பக்கம் ஒரு சிறு பட்டறை. பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல். பழைய தாங்கியை நீட்டி, "மாமா, நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டேன். மணமே இல்ல. இந்த நாலு ஓட்டைய மட்டும் அடைச்சிடுங்க" என்றேன்.

அவர் தாங்கியைத் தொடவே இல்லை. "பழசுல நெருப்பு வைக்கச் சொல்லாதீங்க தம்பி. புதுசுன்னா செய்வோம்" என்றார்.

அவர் சொன்னதற்குக் கணக்கு இருக்கிறது. காற்றில் பெற்றோல் ஆவி 1.4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும். 45 லீற்றர்த் தாங்கியில் அது ஏறத்தாழ 0.6 லீற்றர் ஆவி. அந்த ஆவி உண்டாக ஒரு தேக்கரண்டிகூட நிறையாத அளவு பெற்றோல் போதும். மடிப்புக்குள்ளும் துருவுக்கு அடியிலும் அவ்வளவு ஒளிந்திருக்கும். கழுவியபின் மணம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் சுடர் பட்டதும் துருவுக்குள் இருந்தது ஆவியாகி வெளியே வரும். நிறைந்த தாங்கியைவிட வெறும் தாங்கிக்கே பட்டறைகள் அதிகம் பயப்படுவது இதனால்தான். டீசலுக்கும் விதிவிலக்கு இல்லை. சாதாரண வெப்பத்தில் அது சாதுவாக இருக்கும். வெல்டிங் சூட்டில் அதுவும் ஆவியாகும்.

சிலர் புகைபோக்கியில் குழாய் செருகி எஞ்சின் புகையைத் தாங்கிக்குள் விட்டுக்கொண்டே பற்றவைப்பார்கள். அந்தப் புகையில் ஒட்சிசனும் இருக்கும், எரியக்கூடிய காபனோரொட்சைட்டும் இருக்கும். அதை நம்ப வேண்டாம். கிரைண்டரால் வெட்டுவதும் துளையிடுவதும் நெருப்பு வைப்பதற்குச் சமமே. பழைய தாங்கி அளவெடுக்க மட்டும் உதவட்டும்.

இனி புதுத் தாங்கி. எந்தத் தகடு?

ஹாட்வெயார் கடையில் முதலில் கைக்கு எட்டுவது நாகம் பூசிய தகடு. பளபளப்பாக இருக்கும், துரு ஏறாது என்ற நம்பிக்கையும் உண்டு. தாங்கிக்கு அது வேண்டாம். டீசலில் நாகம் மெல்லக் கரைந்து சவர்க்காரம் போன்ற பிசினாகி வடிகட்டியை அடைக்கும். கொழுந்து லொறி வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். வெல்டிங் செய்யும்போது எழும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும்.

துருப்பிடிக்காத உருக்கு அழகானது. கேட், கைப்பிடி அடிக்கும் கடைகளில் அதற்கு டிக் வெல்டிங் இயந்திரமும் இருக்கிறது. ஆனால் அது சூட்டை மெதுவாகக் கடத்தும், சாதாரண உருக்கைவிட ஒன்றரை மடங்கு விரியும். மெல்லிய தகடு அப்பளம்போல் வளைந்து போகும். பற்றவைக்கும்போது உட்புறத்தில் ஆர்கன் வாயு விடாவிட்டால் தையலின் பின்பக்கம் கருகிக் கரடாகும். தோட்டப் பாதைக் குலுக்கலில் அந்தக் கரட்டிலிருந்துதான் வெடிப்பு தொடங்கும். கைப்பிடிக்குப் பின்பக்கம் பார்க்க யாரும் இல்லை. தாங்கியின் பின்பக்கத்தில் பெற்றோல் நிற்கிறது.

அலுமினியம் இலேசானது, படகுகளுக்கு நல்லது. மக்னீசியம் கலந்த 5052 வகைத் தகடு கிடைத்து, மாறுமின்னோட்ட டிக் இயந்திரமும் அதில் கைதேர்ந்தவரும் இருந்தால் செய்யலாம். அலுமினியம் 660 பாகையில் உருகும். அதன் மேல் படிந்த ஒட்சைட்டுப் படலம் உருக 2000 பாகைக்கு மேல் வேண்டும். தகடோ நிறம் மாறாமலே உருகிச் சரியும். பழைய இரும்புக்கடையில் வாங்கிய, என்ன கலவை என்று தெரியாத அலுமினியத் தகட்டில் தாங்கி செய்வதை நான் ஏற்கமாட்டேன்.

ஆகவே என் தீர்ப்பு, பூச்சில்லாத மென்னுருக்குத் தகடு. 45 லீற்றருக்கு 16 கேஜ், அதாவது 1.6 மில்லிமீற்றர். கம்பனிகள் முன்பு உருக்குத் தகட்டின் மேல் ஈயமும் வெள்ளீயமும் கலந்து பூசினார்கள். துருவைத் தடுக்கவும் பற்றவைக்கவும் அது உதவியது. ஈயத்தின் கேடு கருதிப் பின்னாளில் வேறு பூச்சுகளுக்கும் பிளாஸ்ரிக்குக்கும் போனார்கள். ஈயம் நம் மலைக்குப் புதியதல்ல. தம்பத்தென்னையில் லிப்டன் 1890இல் தொழிற்சாலை எழுப்பிய காலத்தில் இலங்கைத் தேயிலைப் பெட்டிகளுக்கு உள்ளே ஈயத்தாள்தான் விரித்திருந்தார்கள். ஈரம் புகாமல் அதன் விளிம்பைப் பற்றாசு வைத்து மூடுவது தொழிற்சாலை வேலைகளில் ஒன்று. தேயிலைக்குள் நீர் போகக்கூடாது, தாங்கியிலிருந்து பெற்றோல் வரக்கூடாது. இரண்டிலும் காவல் விளிம்பில்தான்.

விளிம்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு போர்க்கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் பிரித்தானியப் படை பெற்றோலை 4 கலன் தகரங்களில் கொண்டுபோனது. நம் லயங்களில் தண்ணீர் தூக்கிய மண்ணெண்ணெய்த் தகரத்தின் உறவினர்தான் அது. மெல்லிய தகடு, பற்றாசு வைத்த மூலைகள். லொறிக் குலுக்கலில் மூலைகள் விட்டுப்போய், தளபதி ஓகின்லெக்கின் கணக்கில் சுமார் 30 சதவீதம் வழியிலேயே போனது. ஜெர்மன்காரரின் 20 லீற்றர்க் கேனோ இரண்டு பாதிகளாக அச்சில் அழுத்தி, நடுவில் ஒரே தையலாக வெல்டிங் செய்தது. கூரிய மூலை இல்லை, தையலும் உள்ளே பதிந்திருந்தது. பிரித்தானியர் கடைசியில் அதையே பார்த்துச் செய்தார்கள்.

பெரியவர் செய்ததும் அந்த வழிதான், அந்தக் கதை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆறு பக்கத்துக்கு ஆறு தகடு வெட்டவில்லை. ஒரே தகட்டைத் தொட்டிபோல் மடித்து, அடியும் இரண்டு பக்கமும் தையலே இல்லாமல் வரச் செய்தார். மடிப்புகளை உருண்டையாக வைத்தார். முன்பின் தகடுகளுக்கு விளிம்பு மடக்கி உள்ளே செருகினார். நீர் தங்கும் அடிமூலைகளில் தையல் நீளம் அப்படிக் குறைந்தது. நடுவில் இரண்டு தடுப்புத் தகடுகள். 45 லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ 33 கிலோ. பெரகலை வளைவுகளில் அது ஒரே பக்கமாகச் சாடினால் தையலை உதைக்கும். தடுப்பின் அடிமூலைகளை வெட்டி விட்டால் எரிபொருள் மெதுவாகப் போய்வரும். உறிஞ்சுகுழாய் நடுவில், அடியிலிருந்து ஒரு விரற்கடை மேலே. அதற்கும் கீழே சிறு குழியும் வடிகால் ஆணியும். மாதம் ஒருமுறை அதைத் திறந்து படிந்த நீரை வடிக்கிறேன்.

வெல்டிங்குக்கு ஹோல்டரும் குச்சியும் வேண்டாம். தடித்த இரும்புக்கு அது நல்லது. இந்தத் தகட்டில் ஓட்டை விழும், கசடுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத துளைகளும் நிற்கும். டிக் செய்யத் தெரிந்தவர் இருந்தால் அதுவே முதல். அடுத்தது 0.8 மில்லிமீற்றர்க் கம்பியில் மிக் வெல்டிங், இரண்டு விரல் நீளம் வைத்து, இடம் மாற்றி, ஆறவிட்டு. பெரியவர் பழைய முறைக்காரர், ஒட்சியசற்றலீன் சுடரில் செய்தார். இடக்கையில் கம்பி, வலக்கையில் சுடர். நெருப்பின் கீழே ஒரு பளிங்குக் குண்டளவு உருகிய உலோகம் நகர்ந்துகொண்டே போக, பின்னால் மீன்செதில்போல் தையல் படிந்து வந்தது. ஊற்றுவாய், காற்றுக்குழாய்க் கழுத்துகளைப் பித்தளைக் கம்பியால் பிடித்தார்.

சோதனைக்கு அவர் கம்பிரசரைத் தொடவில்லை, சைக்கிள் பம்பை எடுத்தார். 3 பிஎஸ்ஐ போதும். ஓர் அடி அகலம், இரண்டடி நீளம் உள்ள தகட்டில் அந்த 3 பிஎஸ்ஐகூட 390 கிலோ எடையாக அழுத்தும். கம்பிரசரின் 100 பிஎஸ்ஐயை விட்டால் தாங்கி பலூனாகும். சவர்க்கார நுரை பூசிப் பார்த்ததில் காற்றுக்குழாய்க் கழுத்தில் ஒரு குமிழி வந்தது. பெற்றோல் காணாத தாங்கி என்பதால் அங்கேயே பயமில்லாமல் மறுபடி பற்றவைத்தார்.

வெளிப்புறம் பெயின்ற் அடிக்கலாம். உள்ளே சாதாரணப் பெயின்ற் அடிக்க வேண்டாம், பெற்றோலில் உரிந்து வந்து காபுரேற்றரை அடைக்கும்.

கடைசியாக ஒன்று, நம் பாதைக்கே உரியது. காலை 15 பாகைக் குளிரில் அப்புத்தளையில் கழுத்துவரை நிரப்பிக்கொண்டு, கொஸ்லந்தை வழியாக இறங்கி, நண்பகல் வெல்லவாயவில் 33 பாகை வெயிலில் நிறுத்தினால், 45 லீற்றர் பெற்றோல் முக்கால் லீற்றர் விரியும். அதற்கு இடம் வேண்டும். ஊற்றுகுழாயைத் தாங்கிக்குள் கொஞ்சம் நீட்டி வைத்தால் மேலே இடம் தானாகவே மிஞ்சும். காற்றுக்குழாயை வண்டிக்கு வெளியே கொண்டுபோய், வண்டி புரண்டால் மூடிக்கொள்ளும் வால்வையும் பொருத்துங்கள்.

பழைய தாங்கியோடு பட்டறைக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அதில் பெற்றோல் இருந்ததா, டீசலா, எப்போது காலி செய்தீர்கள் என்பதை, பட்டறைக்காரர் கேட்கும்வரை காத்திருக்காமல், வாசலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் பற்றவைக்க மாட்டேன் என்றால் இன்னொரு கடை தேடாதீர்கள்.