வெட்டுவதற்கு முன் நனைத்துப் பாருங்கள்



கட்டிங் துணியையும் பழைய சேலையையும் இணைத்து விரிப்பு, போர்வை தைக்கும் தொழிலைப் பல குழுக்கள் செய்து வருகின்றன. நகரத்துக் கடைக்காரர்கள் இதைத்தான் 'குயில்ட்' என்று கேட்கிறார்கள். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு அல்லது பழைய துணி, கீழே அடித்துணி. இந்த மூன்று அடுக்கையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட்டால் விரிப்பு தயார்.

நாங்கள் பார்த்தவரை, தைக்கத் தெரியாமல் யாரும் நஷ்டப்படுவதில்லை. வாங்கிய பொருளைச் சோதிக்காமல்தான் நஷ்டப்படுகிறோம். பத்து நாள் உட்கார்ந்து தைத்த விரிப்பில், முதல் சலவையிலேயே சிவப்புச் சாயம் வெள்ளைக் கட்டத்தில் இறங்கினால் என்ன ஆகும்? சரக்கு திரும்பி வரும், அடுத்த ஆர்டரும் போகும். துணி வாங்க எடுத்த உள்கடனுக்கு வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். "துணி நல்லாத்தானே இருந்துச்சு, இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்கிறோம். ஒரு வாளித் தண்ணீர் இருந்தால் முன்னாடியே தெரிந்துவிடும். கீழே உள்ள சோதனைகளை வீட்டிலேயே செய்யலாம்.

1. சாயம் நிற்கிறதா?

ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சின்னத் துண்டு வெட்டுங்கள். வெள்ளைத் துணியோடு சேர்த்து, சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். வெள்ளைத் துணியில் கறை ஏறினால் அந்த நிறத்தைத் தனியாக இரண்டு, மூன்று முறை அலசிவிட்டு மறுபடி சோதியுங்கள். அப்போதும் சாயம் போனால் விரிப்புக்கு வேண்டாம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பலர் சொல்வார்கள். சாயம் ஏற்றும்போது உப்பு உதவும், உண்மைதான். ஆனால் கடையில் வாங்கிய துணியில் தளர்ந்து நிற்கும் சாயத்தை உப்பு பிடித்து வைக்காது.

2. எவ்வளவு சுருங்கும்?

துணியில் 10 அங்குலச் சதுரம் வரைந்து, துவைத்து, காயவைத்து, தேய்த்து, மறுபடி அளந்து பாருங்கள். 9½ அங்குலம் ஆகிவிட்டால் 100-க்கு 5 சுருக்கம். 60 அங்குல விரிப்பில் 3 அங்குலம் குறையும். ஒரு துணி சுருங்கி, பக்கத்துத் துணி சுருங்காமல் நின்றால் விரிப்பு முழுக்கக் கொசகொசவென்று இழுத்துக்கொள்ளும். அதனால் முதலில் எல்லாத் துணியையும் துவைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.

3. பருத்தியா, பாலியஸ்டரா?

நாலு இழை நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும், குழந்தைகள் தள்ளி இருக்கட்டும். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை வரும், சாம்பல் பொடியாக உதிரும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாக இறுகும். பனியன் துணி இழுத்தால் நீளும். அதைப் பாப்ளின் துணியோடு கலக்க வேண்டாம்.

பழைய சேலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். நைந்த இடத்தை ஒதுக்கிவிடுங்கள்.

4. நூலும் ஊசியும்

நூலை ஒரு முழம் எடுத்து வெடுக்கென்று இழுங்கள். சுலபமாக அறுந்தால் அந்த நூல் வேண்டாம். நிற நூலையும் நனைத்துச் சோதியுங்கள். ஊசி நம்பரில் பலருக்குக் குழப்பம் உண்டு. மெஷின் ஊசியில் நம்பர் கூடினால் ஊசி தடிமன், கை ஊசியில் நம்பர் கூடினால் மெல்லிசு. மூன்று அடுக்குக்கு 14 அல்லது 16 நம்பர் மெஷின் ஊசி பொருந்தும். பழைய ஊசியை நைலான் துணியில் குத்தி எடுங்கள். இழை இழுத்தால் முனை போய்விட்டது, மாற்றுங்கள்.

5. நடுவில் வைப்பது

இலவம்பஞ்சு தலையணைக்கு நல்லது, ஆனால் துவைக்கிற விரிப்பில் கட்டி கட்டியாகிவிடும். பருத்திப் பஞ்சு வைத்தால் தையல் வரிசைகள் 3 அங்குலத்துக்கு மேல் விலகக் கூடாது. பழைய சேலையை மடித்து வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கடைசியாக, மூன்று அடுக்கையும் வைத்து 10 அங்குல மாதிரித் துண்டு ஒன்று தைத்து, துவைத்துப் பாருங்கள். சாக்பீஸ் கோடு போகிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். அந்த மாதிரியை ஒரு நோட்டில் ஒட்டி, எந்தக் கடை, என்ன விலை, சுருக்கம் எவ்வளவு என்று எழுதி வையுங்கள். தீர்மான நோட்டு மாதிரி இதுவும் குழுவின் சொத்து.

விற்பனைக்கு மட்டும்தானா?

மேற்கு வங்கத்தில் காந்தா, பீகாரில் சுஜனி, கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி. இவை எல்லாமே வீட்டு உபயோகத்துக்காகப் பழைய துணியில் பெண்கள் தைக்க ஆரம்பித்தவைதான். கவந்தியை ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைப்பார்கள். நான்கு மூலையிலும் மடித்த துணியில் 'பூலா' என்ற சின்ன அலங்காரம் வைப்பார்கள்.

நாமும் நம் வீட்டுக்கென்று ஒன்று தைக்கலாமே! மே மாத லீவில் அம்மா வீட்டுக்குப் போகும்போது, துவைத்து வெட்டிய 4 அங்குலத் துண்டுகள், நூல்கண்டு, சின்னக் கத்தரி எடுத்துக்கொள்ளுங்கள். ஊசிகளை ஒரு கம்பளித் துண்டில் குத்தி, தீப்பெட்டிக்குள் வைத்தால் யார் காலிலும் குத்தாது. மத்தியானம் திண்ணையில் அக்கா தங்கச்சியோடு பேசிக்கொண்டே நாலு துண்டு இணைத்தால் மனசுக்கு இதமாக இருக்கும். அம்மாவின் பழைய சேலையில் ஒரு துண்டு கேட்டு வாங்கிச் சேருங்கள். அதையும் நனைத்துச் சோதித்த பிறகுதான்!

உங்கள் மாதிரி நோட்டை அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒரு குழு சோதித்துப் பார்த்த துணியைப் பற்றி மற்ற குழுக்களும் தெரிந்துகொள்ளலாம்.