உளியின் அருகே ஒளி
2008-இல் உலக மரபுரிமைத் தகுதி பெற்ற பினாங்கு ஜார்ஜ் டவுனில், கடைப் பெயர்ப்பலகைகளை உளிகொண்டு செதுக்கும் அருங்கலை நெடுங்காலமாக வாழ்ந்துவருகிறது. அதே மரத்தை ஒளியால் செதுக்கும் லேசர் பொறியோ, பாராமதியில் பிறந்த குமார் பட்டேல் 1964-இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய கரியமிலவாயு லேசரின் வழிவந்தது. கண்ணுக்குப் புலப்படாத 10.6 மைக்ரோமீட்டர் அலைநீள அகச்சிவப்புக் கதிரை வில்லை நுண்புள்ளியாகக் குவிக்க, மரம் அவ்விடத்தில் மட்டும் ஆவியாகிறது. ஆகவே புதியவர் முதலில் பழக வேண்டியது குவியத்தூரம், அதாவது வில்லைக்கும் பலகைக்கும் இடையே அமைய வேண்டிய சரியான இடைவெளி. அது பிசகினால் எழுத்தின் விளிம்பு மங்கிவிடும். பின்னர், ரப்பர் மரத்துண்டு ஒன்றில் ஆற்றலையும் வேகத்தையும் சிறிதுசிறிதாக மாற்றிச் சோதனைக் கட்டங்களைப் பொறித்துப் பார்த்தால், உளிக்காரரின் கை மர இழையை அறிவதுபோல மரத்தின் இயல்பு பிடிபடும். பிவிசி நெகிழியை மட்டும் ஒருபோதும் வைக்கலாகாது. அதிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலைப் புண்படுத்துவதோடு பொறியின் உலோகத்தையும் அரித்துவிடும்.