தீவனப் பயிரில் வாடல் நோய்

பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு கேரள மாவட்டங்களும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியவை. கறவை மாடுகளை நம்பி வாழும் குடும்பங்கள் இரண்டிலும் மிகுதி. இந்திய–சுவிஸ் ஒப்பந்தத்தின்படி 1963இல் இடுக்கியின் மாட்டுப்பட்டியில் கலப்பினக் கால்நடை வளர்ப்பு தொடங்கப்பெற்றது. கலப்பினப் பசுவுக்குப் புல் மட்டும் போதாது. புரதம் நிறைந்த பயறுவகைத் தீவனமும் வேண்டும். ஆகவே தட்டைப்பயறு தீவனப் பயிராகவும் இடம்பெறுகிறது. அதனைத் தாக்கும் வாடல் நோய், கேரளத்தில் காய்கறிக்காகப் பயறு பயிரிடுவோரையும் வருத்துவதாகும்.

நோய்க்குக் காரணம் ஃபியூசேரியம் என்னும் மண்வாழ் பூசணம். இது வேர் வழியே புகுந்து, தண்டில் நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. மண்ணில் ஈரமிருந்தும் செடி நீரின்றி வாடுகிறது. தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடுகள் தெரியும். இலை மீது மருந்து தெளிப்பது பெரும்பாலும் பண விரயமே.

இப்பூசணம் முதன்மையாக மண்ணோடும் நீரோடும் செல்கிறது. நோயுற்ற வயலில் உழுத கலப்பையிலும், மண்வெட்டியிலும், மாட்டின் குளம்பிலும் ஒட்டிய மண் அடுத்த வயலை அடைகிறது. மலைச்சரிவில் மேல்வயலின் மழைநீர் கீழ்வயலுக்கு அதனைக் கொண்டுசேர்க்கிறது. விதையோடும் அது பயணம் செய்யக்கூடும். வேரில் நூற்புழு துளைத்த இடங்கள் அதற்கு எளிய வாயில்கள்.

தீவனப் பயிருக்கே உரிய ஒரு வழியும் உண்டு. மாடு தின்னாமல் கழித்த தண்டும் வேரும் எருக்குழிக்குப் போகின்றன. அரைகுறையாக மக்கிய எரு மீண்டும் அதே நிலத்தில் இடப்படுகிறது. தடித்த உறையுடைய பூசண வித்துக்கள் மண்ணில் பல்லாண்டு உயிரோடிருக்கும் என்பதால் இச்சுழற்சி எளிதில் அறுவதில்லை. குழியில் வெப்பம் நன்கு ஏறி முழுதும் மக்கிய எருவே வயலுக்கு ஏற்றது. நோய் கண்ட செடிகளை வேரோடு பிடுங்கி எரித்துவிடுதல் அதனினும் நன்று.

மண்ணின் தன்மையும் கருதத்தக்கது. பாலக்காட்டின் கிழக்கே சித்தூர் வட்டாரத்தில் கரிசல் மண் உண்டு. இடுக்கியின் மலைமண்ணோ அமிலத்தன்மை மிக்கது. அமில மண்ணில் இந்நோய் ஓங்கும். மண் பரிசோதனைக்குப் பின் சுண்ணாம்பு இடுவது அங்கே பயன் தரும்.

ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைக்கலாம். நோய் கண்ட நிலத்தில் சில ஆண்டுகள் தட்டைப்பயறை விடுத்து, கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை நடலாம். பயறைத் தாக்கும் ஃபியூசேரியம் வகை புல்லை வாட்டுவதில்லை. புரதத்திற்கு வேலிமசால், அகத்தி போன்றவற்றை வரப்போரம் வளர்த்துக்கொள்ளலாம்.