நன்றாக ஆடும் பிள்ளைக்கு ஆட்டம் பிடித்திருக்கிறதா?

மாநில அளவில் பதக்கம் வாங்கிய பிள்ளையிடம், "உனக்கு இந்த விளையாட்டு நிஜமாவே பிடிச்சிருக்கா?" என்று யாரும் கேட்பதில்லை. இவ்வளவு நன்றாக ஆடுகிறவனுக்குப் பிடிக்காமலா இருக்கும் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். திறமை வேறு, விருப்பம் வேறு. இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருக்கலாம், சேராமலும் போகலாம். சேராத இடத்தில் கெடுவது பிள்ளையின் உடம்பும் தூக்கமும்தான்.

டிராகன் முன்னால் நின்ற சிறுவன்

டென்னிஸில் எட்டு கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களும் 1996 ஒலிம்பிக் தங்கமும் வென்றவர் ஆந்த்ரே அகாஸி. அவரே 2009-இல் வெளிவந்த தன் சுயசரிதையில், டென்னிஸை வெறுத்தேன் என்று எழுதினார். அப்பா மைக், ஈரானுக்காக இரண்டு ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை போட்டவர். லாஸ் வேகாஸில் வீட்டை ஒட்டியே டென்னிஸ் களம் அமைத்து, பந்து வீசும் எந்திரம் ஒன்றையும் நிறுத்தினார். ஒரு நாளைக்கு 2,500 பந்து. வருஷத்துக்குக் கிட்டத்தட்ட பத்து லட்சம் பந்து அடிக்கும் பிள்ளையை எவராலும் ஜெயிக்க முடியாது என்பது அவர் போட்ட கணக்கு.

அந்த எந்திரத்துக்கு ஏழு வயது அகாஸி வைத்த பெயர் டிராகன். கை ஓய்ந்துபோகும்போது சிறுவன் ஒரு வேலை செய்வான். மட்டையின் விளிம்பில் வேண்டுமென்றே படவைத்து, தவறிப்போனது போலப் பந்தை வெளியே பறக்கவிடுவான். அந்தச் சில நொடிதான் அவனுக்கு ஓய்வு.

வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத பிள்ளை இப்படித்தான் சொல்லும். பயிற்சிக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு கால் ஷூ காணாமல் போகும். ஞாயிறு இரவு வயிறு வலிக்கும். மேட்சுக்கு முந்தின நாள் கணுக்காலில் வலி வரும், மேட்ச் ரத்தானால் வலியும் போய்விடும். இதை நடிப்பு என்று அதட்டும் பெற்றோரைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. பல சமயம் வலி நிஜமாகவே இருக்கிறது.

அகாஸி 1992-இல் விம்பிள்டனை வென்றார். 1997-இல் தரவரிசையில் 141-ஆம் இடத்துக்குச் சரிந்தார். விடுவதா, தொடர்வதா என்ற முடிவை அப்போதுதான் தானே எடுத்ததாகச் சொல்கிறார். 1999-இல் பிரெஞ்சு ஓபனை வென்று, மீண்டும் முதலிடத்துக்கு வந்தார்.

விட்டுவிட்டுப் போகலாம்

ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி பார்ட்டி 15 வயதில், 2011-இல், விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார். ஊரே கொண்டாடியது. 2014-இல், 18 வயதில், டென்னிஸை நிறுத்திவிட்டார். அடுத்த வருஷம் பிரிஸ்பேன் ஹீட் அணிக்காகக் கிரிக்கெட் ஆடினார். 2016-இல் தானாகவே டென்னிஸுக்குத் திரும்பினார். பிறகு 2019 பிரெஞ்சு ஓபன், 2021 விம்பிள்டன், 2022 ஆஸ்திரேலிய ஓபன். உலகின் முதல் நிலை வீராங்கனையாக இருக்கும்போதே, 25 வயதில், போதும் என்று விலகினார். நிறுத்தினால் எல்லாம் போய்விடும் என்று பயப்படும் பெற்றோர் அவர் கதையை ஒருமுறை படிக்க வேண்டும்.

உடம்பு காட்டும் அடையாளங்கள்

ஆடி ஆடியே ஆட்டம் வெறுத்துப்போகும் நிலையை விளையாட்டு மருத்துவத்தில் 'பர்ன் அவுட்' என்கிறார்கள். ஓய்வெடுத்தும் தீராத களைப்பு வரும். எவ்வளவு ஜெயித்தாலும் ஒன்றும் சாதிக்கவில்லை என்று தோன்றும். ஒரு காலத்தில் உயிராக இருந்த விளையாட்டே அற்பமாகிவிடும்.

கூடவே, காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட அதிகமாக இருக்கலாம். தூக்கம் கெடும், சளி காய்ச்சல் அடிக்கடி வரும், பழைய காயம் ஆறாமல் இழுக்கும். வளரும் வயதில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் எலும்பில் மெல்லிய விரிசல் விழுவதும் உண்டு. வேகப்பந்து போடும் பையன்களுக்குக் கீழ்முதுகில் வரும் வலிக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு நின்றுபோனால், "நிறைய ஓடுறா, அதான்" என்று விட்டுவிடாதீர்கள். செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். எலும்பைப் பலவீனமாக்கும். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

களைப்பா, வெறுப்பா?

எந்த வீரனுக்கும் விடிகாலையில் எழுந்திருக்கப் பிடிக்காத நாள் உண்டு. அதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. எனக்குத் தெரிந்த நல்ல சோதனை ஒன்று உண்டு. கோச் இல்லாத நாளில், யாரும் சொல்லாமல், பிள்ளை அந்தப் பந்தைக் கையில் எடுக்கிறதா? தெருப் பையன்களோடு சும்மா ஆடுகிறதா? இரண்டு வாரம் முழுசாக ஓய்வு கொடுத்துப் பாருங்கள். அதற்குள் களத்துக்குப் போகத் துடித்தால், வந்தது வெறும் களைப்பு. நிம்மதியாக மூச்சு விட்டால், உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இருக்கிறது.

அடகுக் கடைக்குப் போன வளையல்

நம் வீடுகளில் இன்னொரு பாரமும் சேர்கிறது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இன்ஜினீயரிங் சீட், பிறகு அரசு வேலை என்று பிள்ளையின் ஆட்டத்தின் மேல் குடும்பத்தின் எதிர்காலமே ஏற்றிவைக்கப்படுகிறது. கிட் வாங்க, வெளியூர் டோர்னமென்ட் போக, அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது பிள்ளைக்குத் தெரியும். அந்தக் கடனை நினைக்கும் பிள்ளை 'பிடிக்கவில்லை' என்ற வார்த்தையை விழுங்கிவிடும். பெற்றோரின் தியாகத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அதைப் பிள்ளையின் காதில் தினமும் போடாமலாவது இருக்கலாம்.

தோற்ற மேட்ச் முடிந்து பைக்கில் வீடு திரும்பும்போது பின்னாலிருக்கும் பிள்ளையிடம், "அந்தப் பாயின்ட்டை ஏன் விட்டே?" என்று ஆரம்பிக்காதீர்கள். "பசிக்குதா, பரோட்டா சாப்பிடலாமா?" என்று கேளுங்கள்.

எவ்வளவு பயிற்சி போதும்?

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு வேண்டும் என்கிறது. வருஷத்தில் மொத்தம் மூன்று மாதம், ஒவ்வொரு மாதமாகப் பிரித்து, தன் விளையாட்டிலிருந்து விலகியிருக்கச் சொல்கிறது. வாரப் பயிற்சி மணி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் இன்னொரு கணக்கு. பத்து வயதென்றால் வாரம் பத்து மணி நேரம். பெரும்பாலான விளையாட்டுகளில் பதினைந்து வயதுக்கு முன் ஒன்றை மட்டும் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை.

நார்வேயில் 13 வயதுக்கு முன் தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது. அந்தச் சின்ன நாடுதான் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கத்தோடு பட்டியலில் முதலிடம் பிடித்தது.

இன்றே கேளுங்கள்

மேட்ச் இல்லாத ஒரு நாளில், பதக்கம் பற்றியோ செலவு பற்றியோ பேசாமல், "இதை நீ நிறுத்தினாலும் எங்களுக்கு வருத்தமில்லை, தொடரணுமா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். தூக்கமின்மையும் எரிச்சலும் சோர்வும் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், முதலில் குழந்தை மருத்துவரையோ விளையாட்டு மருத்துவரையோ பாருங்கள். பிள்ளை மனம்விட்டுப் பேச ஆள் தேவைப்பட்டால், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.