முறித்தலும் இணைத்தலும்: ஒரு கலைச்சொற் சிக்கல்

உயர் அழுத்தச் சுற்றுமுறிப்பானைத் தெரிவுசெய்யும்போது குறுக்குச்சுற்று மின்னோட்டம் இரு வகையாக நோக்கப்பெறும். 'பிரேக்கிங்' என்பது பழுது மின்னோட்டத்தை முறிக்கும் திறன். அது பயனுறு மதிப்பில் குறிக்கப்பெறும். 'மேக்கிங்' என்பது பழுதுள்ள சுற்றை மூடி இணைக்கும் திறன். அது உச்ச மதிப்பில் குறிக்கப்பெறும். 50 ஹெர்ட்ஸ் அமைப்பில் பின்னது பொதுவாக முன்னதன் 2.5 மடங்கு: முறிதிறன் 40 கிலோஆம்பியர் எனின் இணைதிறன் 100 கிலோஆம்பியர்.

'மேக்கிங்' என்பதை 'உண்டாக்குதல்' எனப் பெயர்த்தால் பொருள் சிதையும். இரண்டையும் 'குறுக்குச்சுற்றுத் திறன்' என ஒரே சொல்லால் பெயர்த்தாலோ 100 என்பதே முறிதிறன் எனக் கொள்ள நேரும். 50 கிலோஆம்பியர் பழுது எழக்கூடிய துணைமின் நிலையத்தில் அக்கருவி மின்வில்லை அணைக்க இயலாமல் வெடிக்கவும் கூடும். ஆகவே 'முறி மின்னோட்டம்', 'இணைப்பு மின்னோட்டம்' எனப் பிரித்தாளுதலும், 'உச்சம்' என்னும் அடையை விடாமையும் மொழிபெயர்ப்பாளர் கடமையாகும்.