குளத்தின் மறுபாதி

பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்ச் ஒன்றைக் குழாயடியில் நன்றாக ஊறவிடுங்கள். பிறகு அதை உள்ளங்கையில் படுக்கை வாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் சொட்டும், அப்புறம் நின்றுவிடும். இப்போது பிழியாமல், அழுத்தாமல், நெட்டுக்குத்தாக நிமிர்த்திப் பிடியுங்கள். மறுபடி தண்ணீர் கொட்டும். ஸ்பாஞ்ச் அதேதான், அதற்குள் இருந்த தண்ணீரும் அதேதான். மாறியது உயரம் மட்டும்.

நுண்ணிய துளைகள் தண்ணீரைத் தம்மோடு ஒட்டிப் பிடித்துவைக்கும். விளக்குத் திரியில் எண்ணெயை மேலேற்றுவதும் இந்த நுண்புழை விசைதான். ஆனால் இந்தப் பிடிக்கு ஓர் உயர எல்லை உண்டு. ஸ்பாஞ்சின் அடியிலிருந்து ஒரு குறிப்பிட்ட உயரம் வரைதான் துளைகள் நீரால் நிரம்பி நிற்கும். அதற்கு மேலே உள்ள நீர் இறங்கிவிடும், காலியான இடத்தில் காற்று புகும். படுத்திருக்கும் ஸ்பாஞ்ச் முழுக்க அந்த எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. நிமிர்ந்த ஸ்பாஞ்சின் தலைப்பகுதி எல்லையைத் தாண்டி மூச்சு விடுகிறது. மண்ணுக்கும் இதே விதிதான்.

ஹவுராவில் ஒரு பூங்காவையோ விளையாட்டு மைதானத்தையோ புதுப்பிக்க நினைக்கும் எவரும் முதலில் மோத வேண்டியது இந்த விதியோடு. கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில் ஹூக்ளி ஆற்றின் மேற்கே இருக்கும் இந்த ஊரின் பெயரே தண்ணீரிலிருந்து வந்தது என்பார்கள். தட்டுப்போலத் தாழ்ந்து, மழைக்காலத்தில் நிரம்பிக் கிடக்கும் சதுப்பு நிலத்துக்கு வங்காளத்தில் 'ஹாவோர்' என்று பெயர். வெள்ளம் வரும்போதெல்லாம் ஆறு தன் வண்டலின் பெரும்பங்கைக் கரையோரத்திலேயே போட்டுவிடுவதால் இங்கே கரை மேடாகவும், கரையிலிருந்து மேற்கே விலக விலக நிலம் பள்ளமாகவும் இருக்கிறது. நம் ஊரில் மழைநீர் ஆற்றைத் தேடி ஓடும். ஹவுராவில் மேற்குப் பகுதியில் விழும் மழைக்கு ஆறு மேட்டில் இருக்கிறது. போதாததற்கு ஹூக்ளி ஓதம் ஏறி இறங்கும் ஆறு. தினமும் இரண்டு முறை ஆற்று மட்டம் உயரும்போது மதகுகளை மூடியாக வேண்டும். அந்த நேரம் பார்த்து மழை கொட்டினால், ஓதம் வடியும் வரை அந்தத் தண்ணீர் எங்காவது காத்திருக்க வேண்டும்.

எங்கே காத்திருப்பது? வங்காளிகள் நூற்றாண்டுகளாகச் சொன்ன பதில், புகுர். நம் மொழியில் குளம்.

வீடு கட்ட மேடு வேண்டும், மேட்டுக்கு மண் வேண்டும், மண்ணுக்குப் பள்ளம் தோண்ட வேண்டும். தோண்டிய பள்ளம் குளமாகும், கொட்டிய மண் வாசலாகும். தாழ்நில வங்காளத்தின் கிராமங்களில் வீட்டுக்கு வீடு குளம் தெரிவதற்குக் குளிக்கவும் மீன் வளர்க்கவும் தேவைப்பட்டது மட்டும் காரணமாகாது. வீட்டின் அடிமண்ணே அந்தக் குளத்திலிருந்து வந்தது.

இந்தக் கிராமத்து வழியைப் பூங்கா அளவுக்கு விரித்துக் காட்டிய இடம் ஹவுராவிலேயே இருக்கிறது. சிப்பூரில் 1787இல் கர்னல் ராபர்ட் கிட் தொடங்கிய தாவரவியல் பூங்கா. 2009 முதல் அது ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் பெயரைத் தாங்கி நிற்கிறது. சுமார் 109 ஹெக்டேர், ஆற்றை ஒட்டிய தாழ்ந்த நிலம். 1864 அக்டோபர் 5 அன்று வந்த பெரும்புயல் கடல்நீரை ஆற்று வழியே தள்ளிக்கொண்டு வந்து பூங்காவுக்குள் விட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் ஒரே நாளில் சாய்ந்தன. பிழைத்தவற்றில் பலவற்றை 1867இல் வந்த இன்னொரு புயல் சாய்த்தது.

1871இல் பொறுப்பேற்ற ஜார்ஜ் கிங், மருத்துவம் படித்தவர். வெட்டவெளியாகிக் கிடந்த இடத்தில் அவர் மரம் நட்டுவிட்டுப் போயிருக்கலாம். அதற்கு முன் மண்ணைத் தொட்டார். ஏரிகளை வெட்டி, வெட்டிய மண்ணை அக்கம்பக்கத்தில் பரப்பி நிலத்தை உயர்த்தினார். தட்டையாகக் கிடந்த பூங்கா மேடும் சரிவுமாக மாறியது. இன்று அங்கே இருபதுக்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. நிலத்தடிக் குழாய்கள் அவற்றை ஒன்றோடொன்று இணைக்கின்றன, மதகு வழியே ஆற்றோடும் தொடர்பு உண்டு. அல்லியும் தாமரையும் பூத்த அந்த நீர்ப்பரப்பைப் பார்ப்பவர்கள் அழகுக்காக வெட்டியது என்று நினைப்பார்கள். எனக்கு அவை பெரிய மண்வெட்டி ஒன்று விட்டுச்சென்ற தடங்களாகத் தெரிகின்றன. ஸ்பாஞ்சை நிமிர்த்தியவர் கிங். மரங்களின் வேருக்கு மேலே காற்றையும் கீழே தண்ணீரையும் பிரித்துக் கொடுத்தார்.

வேருக்குக் காற்று எதற்கு? வேரும் மூச்சு விடுகிறது. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். மண் துளைகளில் தண்ணீர் நிரம்பிவிட்டால் வேர் மூச்சுத் திணறும். ஆற்றுப் படுகையில் உள்ள களிமண்ணில் இந்த ஆபத்து அதிகம். களித்துகள் ஒன்றின் அளவு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் கீழே. அவ்வளவு சிறிய துகள்களின் இடைவெளியும் சிறியது, அதன் பிடியும் வலுவானது. மணலில் மடமடவென்று இறங்கும் நீர், களிமண்ணில் மணிக்குச் சில மில்லிமீட்டர்தான் இறங்கும்.

இதில் கால்பந்தைச் சேர்த்துப் பாருங்கள். கொல்கத்தா கால்பந்துப் பருவமே மழைக்காலத்தில்தான் வரும். 1911 ஜூலை 29 அன்று கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் அணியை 2-1 என்று வென்று மோகன் பகான் ஐ.எஃப்.ஏ. கேடயத்தைத் தூக்கியபோது, பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலில் ஆடினார்கள். 1951 ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியின் தலைவர் சைலேன் மன்னா ஹவுராக்காரர். ஹவுரா மாநகராட்சி ஸ்டேடியம் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்தத் தலைமுறையின் கால்விரல்களுக்கு ஈரக் களியின் குணம் அத்துப்படி. களித்துகள்கள் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டவை. இரண்டு தட்டுகளுக்கு நடுவே நீர் புகுந்தால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். அந்த நிலையில் இருபத்திரண்டு பேர் தொண்ணூறு நிமிடம் ஓடினால் மண்ணின் பெரிய துளைகள்தான் முதலில் நசுங்கும். தண்ணீரை வேகமாக இறக்கிவிடுபவையும் அவையே. ஒரு மழைநாள் ஆட்டத்தில் இறுகிப்போன மைதானம் அடுத்த மழைக்கு இன்னும் மெதுவாக வடியும், இன்னும் சேறாகும், இன்னும் இறுகும்.

புதுப்பிக்கும் வேலையில் இறங்குபவர்கள் இந்தச் சுழலை உடைக்க மேலே மணலைக் கொட்டுவார்கள். சரியான வேலைதான். மணலில் நீர் தேங்கும் உயரம் குறைவு, மிதித்தாலும் அதன் துளை நசுங்காது. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் வெளியிட்ட முறைப்படி, ஏறத்தாழ ஓர் அடி ஆழத்துக்கு மணல் கலந்த மண், அதன் அடியில் நாலு அங்குலம் சரளைக்கல், அதற்குக் கீழே குழாய்கள். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. சரளை வந்ததும் தண்ணீர் உடனே சரளைக்குள் விழுந்துவிடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். விழாது. மணலின் சிறு துளைகள் பிடித்துவைத்த நீரை, பெரிய துளைகள் கொண்ட சரளையால் இழுக்க முடியாது. மணலின் அடிப்பகுதி நிரம்பித் தளும்பிய பிறகுதான் நீர் கீழே சொட்டும். வெயில்காலத்தில் புல்லுக்குச் சேமிப்பாகவும் பெருமழையில் வடிகாலாகவும் அதே படுகை இரண்டு வேலை பார்க்கிறது. இதற்கும் மேலே, மைதானத்தின் நடுவைக் கண்ணுக்குத் தெரியாமல் உயர்த்துவார்கள். 68 மீட்டர் அகலத்தில் நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு கொடுத்தால், நடுக்கோடு ஓரத்தைவிட 34 செ.மீ. உயரும். காலரியில் உட்கார்ந்தவருக்கு அது தட்டை நிலமாகவே தெரியும்.

குழாயும் சரிவும் தண்ணீரை வெளியே கொண்டுவந்துவிடும். வெளியே வந்த தண்ணீர் எங்கே போகும்? திட்ட வரைபடங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் மௌனமாகிவிடுகின்றன என்பது என் வருத்தம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 105 மீட்டருக்கு 68 மீட்டர் கால்பந்து மைதானத்தில் 5 செ.மீ. மழை பெய்கிறது. ஒரு சொட்டும் மண்ணில் இறங்கவில்லை என்று வைத்துக்கொண்டால் 3,57,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணி லாரியில் முப்பது நடை. மேற்கு வங்கத்தின் 1984ஆம் ஆண்டு உள்நாட்டு மீன்வளச் சட்டம், ஐந்து கொட்டாவும் அதற்கு மேலும் பரப்புள்ள எந்த நீர்நிலையையும் தூர்த்து மூடக்கூடாது என்கிறது. கொட்டா என்பது அங்கே 720 சதுர அடி. ஐந்து கொட்டா, சென்னைக் கணக்கில் சரியாக ஒன்றரை கிரவுண்டு. சட்டம் காப்பாற்றும் மிகச் சிறிய அந்தக் குளத்தில் மைதானத்தின் மொத்த மழையையும் விட்டால், நீர்மட்டம் மூன்றரை அடிதான் ஏறும். கரையில் அவ்வளவு இடம் இருந்தால் ஓதம் இறங்கும் வரை முப்பது லாரித் தண்ணீர் அங்கே அமைதியாகக் காத்திருக்கும். அதே குளத்தைப் பத்தடி ஆழம் தோண்டி, கரைச்சரிவைக் கணக்கில் சேர்க்காமல் அந்த மண்ணை மைதானத்தில் பரப்பினால், முழு மைதானமும் ஐந்தரை அங்குலம் உயரும். ஒரே வேலையில் தண்ணீருக்கு இடமும் புல்லுக்கு உயரமும் கிடைக்கின்றன. குளமும் மைதானமும் ஒரே பொருளின் இரு பாதி. குளத்தைத் தூர்த்து மைதானத்தைப் பெரிதாக்குபவர், மைதானத்தையே சேறாக்குகிறார்.

1920களில் இரண்டு நகரங்கள் விரிந்தன. கொல்கத்தா மேம்பாட்டு டிரஸ்ட் தெற்கே சதுப்பு நிலத்தில் ஒரு பெரிய ஏரியை வெட்டி, அந்த மண்ணால் சுற்றுவட்டத்தை மேடாக்கியது. அன்று தாகூரியா ஏரி, இன்று ரவீந்திர சரோவர். படகுப் போட்டி, ஸ்டேடியம், நடைபாதை எல்லாம் அந்த ஏரியைச் சுற்றித்தான். அதே ஆண்டுகளில் சென்னையில் மாம்பலம் பக்கமிருந்த நீண்ட ஏரியை வடித்துத் தியாகராய நகர் எழுந்தது, நடுவில் பனகல் பூங்கா. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இருக்கிறது, பார்க்க ஏரி இல்லை. 2021 நவம்பர் மழையில் தி.நகர்த் தெருக்களில் முழங்கால் நீர் நின்றபோது, ஏரி தன் பழைய முகவரியைத் தேடி வந்திருந்தது. இப்போது சென்னை மாநகராட்சி பூங்காக்களுக்குள் குழிதோண்டி, மழைநீரை உறிஞ்சும் 'ஸ்பாஞ்ச் பூங்கா'க்களாக மாற்றுகிறது. தாமதம்தான், ஆனாலும் மனதுக்கு நிறைவான மாற்றம்.

ஹவுராவின் இன்றைய மைதானக் கதை டுமுர்ஜலாவில் நடக்கிறது. டுமுர் என்றால் அத்தி, ஜலா என்றால் சதுப்பு. பெயரிலேயே மரமும் நீரும் இருக்கின்றன. உள்ளரங்கமும் திறந்தவெளியும் கொண்ட அந்த இடத்தில் மாநில அரசு பெரிய விளையாட்டு நகரம் அமைக்கத் திட்டமிட்டபோது, காலை நடைக்கு வருபவர்களும் சூழல் ஆர்வலர்களும் மரங்களும் நீர்நிலைகளும் போய்விடும் என்று எதிர்த்தார்கள். பிள்ளைகளுக்கு நல்ல மைதானம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் அங்கே தண்ணீர் பற்றிய கவலையை விளையாட்டுக்கு எதிரான குரலாகக் கேட்கக்கூடாது. சதுப்பின் மேல் போடும் ஒவ்வொரு சதுர அடிக் கான்கிரீட்டும், பதித்த கல் நடைபாதையும், தன் மேல் விழும் மழையைப் பக்கத்துப் புல்தரைக்குத்தான் தள்ளும்.

அந்தப் புல்லை நமக்கு நன்றாகத் தெரியும். பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல். வங்காளத்தில் அதன் பெயர் தூர்பா. உலகம் முழுக்க வெப்பநாட்டு மைதானங்களில் 'பெர்முடா புல்' என்று வளர்ப்பது இதையும் இதன் கலப்பினங்களையும்தான். தரைக்கு மேலே ஓடுதண்டு, தரைக்குக் கீழே மட்டத்தண்டு, கணுவுக்குக் கணு வேர். ஆட்டக்காரரின் பூட்ஸ் ஓரிடத்தில் பிய்த்துப் போட்டால் பக்கத்துக் கணு வந்து அந்த இடத்தை மூடும். மிதியைத் தாங்கும், வெயிலைத் தாங்கும். நிழலை மட்டும் தாங்காது. நல்ல பூங்காவில் மரத்துக்கு ஓரிடமும் ஆட்டத்துக்கு ஓரிடமும் பிரித்து வைப்பது அதனால்தான்.

'ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி' என்று மணமக்களை வாழ்த்துகிறோமே, அந்த ஆலும் ஹவுராவில் இருக்கிறது. சிப்பூர்ப் பூங்காவின் பெரிய ஆலமரத்துக்கு வயது 250க்கு மேல். இரண்டு புயல்களில் காயம்பட்ட அடிமரத்தைப் பூஞ்சை அரித்ததால் 1925இல் அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். அடிமரம் போய் ஒரு நூற்றாண்டு ஆகிறது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விழுதுகள் தூண்களாக நிற்க, மரம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. சுற்றிவரப் போட்ட 330 மீட்டர்ப் பாதையையும் தாண்டிவிட்டது. 2020 மே மாதம் ஆம்பன் புயல் பூங்காவில் நூற்றுக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது இதுவும் சில விழுதுகளை இழந்தது. புது விழுது மேலிருந்து நூல்போல இறங்கும்போது, காற்றில் அலையாமலும் காயாமலும் இருக்கத் தோட்டக்காரர்கள் அதை மூங்கிலுக்குள் விட்டு மண்வரை வழிகாட்டி இறக்குகிறார்கள்.

சிப்பூர் போனால், ஆலமரத்தைப் பார்த்துவிட்டு ஏதாவது ஓர் ஏரிக்கரையில் நில்லுங்கள். நீர்மட்டத்திலிருந்து நீங்கள் நிற்கும் புல்தரை எவ்வளவு உயரம் என்று கண்ணால் அளந்து பாருங்கள். காலடியில் இருக்கும் மண் ஒரு காலத்தில் எதிரே தண்ணீர் தெரியும் இடத்தில் இருந்தது. மழை விட்ட சற்று நேரத்தில் போனீர்களானால், கரைச்சரிவில் புல்லுக்கு இடையிலிருந்து நீர் கசிந்து ஏரிக்கு இறங்குவதையும் பார்க்கலாம்.