கழுவினாலும் போகாத சால்னா எண்ணெய்... அதே ஒட்டுதலில் உருவான மதுரை பிளாஸ்டிக் ரோடு!

மதுரையில் ராத்திரி பத்து மணிக்கு மேலும் பரோட்டாக் கடைகளில் கூட்டம் குறையாது. நாலு பரோட்டா, ஒரு சால்னா பார்சல். சால்னா வந்த பிளாஸ்டிக் கவரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். எத்தனை முறை அலசினாலும் அந்த ஆரஞ்சு நிற எண்ணெய்ப் பிசுக்கு போகவே போகாது. அதே சால்னா ஊற்றிய எவர்சில்வர் கிண்ணமோ சோப்பு போட்டு ஒரு தேய் தேய்த்தால் பளிச்!

ஏன் இந்த வித்தியாசம்? இதற்குக் காரணமான வேதியியல்தான், மதுரைப் பேராசிரியர் ஒருவர் உலகுக்குக் கொடுத்த பிளாஸ்டிக் ரோட்டுக்கும் அடிப்படை.

திருவிழாக் கூட்டமும் மூலக்கூறும்

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்தார் தொலைந்துபோகாமல் இருக்கக் கைகளை இறுக்கிக் கோத்துக்கொண்டு நிற்பார்கள். பக்கத்துக் குடும்பத்தாரோ தோளோடு தோள் உரசி நிற்பார்கள், அவ்வளவுதான். கொஞ்சம் தள்ளினால் விலகிவிடுவார்கள்.

மூலக்கூறுகளும் இப்படித்தான். ஒரு மூலக்கூறுக்குள் அணுக்கள் எலெக்ட்ரான்களைப் பங்கிட்டு இறுக்கமாகக் கை கோத்திருப்பது சகப்பிணைப்பு. ஒரு மூலக்கூறுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருக்கும் லேசான ஈர்ப்பு, மூலக்கூறுகளுக்கு இடையேயான விசை. இது பிணைப்பைவிடப் பல மடங்கு பலவீனமானது.

கேரி பேக் செய்யப்படும் பாலித்தீன், ஆயிரக்கணக்கான கார்பன் அணுக்கள் கை கோத்த நீளமான சங்கிலி. இந்தச் சங்கிலி கிளை கிளையாகப் பிரிந்திருந்தால், முள்ளுச்செடிகளைக் கட்டியதுபோல நெருங்கி அடுங்காது. அதுதான் கசங்கும் பால் பாக்கெட். கிளை இல்லாமல் நேராக இருந்தால் விறகுக் கட்டுபோல நெருக்கமாக அடுங்கும். அதுதான் கெட்டியான கேன். அணுக்கள் ஒன்றுதான், வடிவம்தான் வேறு.

வளைந்த தண்ணீர்

தண்ணீர் மூலக்கூறு நேராக இருப்பதில்லை. நடுவில் ஆக்ஸிஜன், இரண்டு பக்கமும் ஹைட்ரஜன், 104.5 டிகிரி கோணத்தில் வளைந்திருக்கும். அதனால் ஆக்ஸிஜன் பக்கம் கொஞ்சம் எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர்மின் தன்மையும் வந்துவிடுகின்றன. நேராக இருந்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்திருக்கும். இந்த மின் தன்மையால்தான் தண்ணீர் தன்னைப் போன்ற பொருள்களைத் தேடி ஒட்டிக்கொள்கிறது.

எண்ணெய்க்கும் பாலித்தீனுக்கும் அந்த மின் தன்மை கிட்டத்தட்ட இல்லை. தண்ணீர் அவற்றைச் சேர்த்துக்கொள்வதில்லை. அவை இரண்டும் தங்களுக்குள் ஒட்டிக்கொள்கின்றன. சால்னா எண்ணெய் கவரை விட்டுப் போகாத ரகசியம் இதுதான்.

ரோடு ஏன் பெயர்கிறது?

ஜல்லிக்கல்லின் மேற்பரப்பு தண்ணீரை விரும்பும். தாரோ எண்ணெய் இனம். வேறு வழியில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜோடி இது. ஐப்பசி மழையில் விரிசல் வழியே இறங்கும் தண்ணீர், கல்லுக்கும் தாருக்கும் நடுவில் புகுந்து தாரை உரித்துவிடும். அதன்மேல் பஸ் ஏறி இறங்கினால் ஜல்லி பெயரும், பள்ளம் விழும்.

இந்த இடத்தில்தான் திருப்பரங்குன்றத்தில் உள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் வருகிறார். அவர் பிளாஸ்டிக்கை முதலில் தாரில் கலக்கவில்லை, கல்லுக்குப் பூசினார். ஜல்லியைச் சுமார் 160 முதல் 170 டிகிரி வரை சூடாக்கி, பொடியாக வெட்டிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவினால், அது உருகி ஒவ்வொரு கல்லுக்கும் மெல்லிய சட்டை போட்டதுபோலப் படிந்துவிடும். அதன்பிறகுதான் சூடான தார். பிளாஸ்டிக்கும் தாரும் பெட்ரோலிய வழி வந்த பங்காளிகள், உடனே ஒட்டிக்கொள்ளும். நடுவில் தண்ணீர் புக இடம் கிடைப்பதில்லை.

2002-ல் கல்லூரி வளாகத்திலேயே இப்படி ரோடு போடப்பட்டது. 2006-ல் கல்லூரிக்குக் காப்புரிமை கிடைத்தது. சாலைப் பணிகளில் கழிவு பிளாஸ்டிக்கைப் பயன்படுத்த 2013-ல் இந்தியச் சாலைப் பேரவை வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 2018-ல் வாசுதேவனுக்கு பத்மஸ்ரீ விருது. 3.75 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் ரோடு போட, சுமார் ஒரு டன் கழிவு பிளாஸ்டிக் தேவை. அந்த அளவுக்குத் தாரும் மிச்சம்.

உருக்குவது வேறு, எரிப்பது வேறு

"பிளாஸ்டிக்கைச் சூடாக்கினால் விஷப் புகை வராதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 160 டிகிரியில் தோள் உரசி நிற்கும் சங்கிலிகள்தான் விலகி வழுக்குகின்றன. கோத்த கைகள் விடுவதில்லை. 270 டிகிரியைத் தாண்டினால் சங்கிலியே அறுபடத் தொடங்கும், புகையும் வரும். அதனால் சூட்டின் அளவு முக்கியம். தெருமுனையில் குப்பையோடு பிளாஸ்டிக்கைக் கொளுத்தும்போது நாம் அந்த எல்லையைத்தான் தாண்டுகிறோம். குளோரின் கலந்த பி.வி.சி. இன்னும் ஆபத்து. குறைந்த சூட்டிலேயே அது அமில வாயுவை வெளியிடும் என்பதால், ரோட்டுக்கு அதைச் சேர்க்கவே கூடாது.

அதாவது, எல்லா பிளாஸ்டிக்கும் ரோடாகாது. வகை பிரித்து, மண்ணும் ஈரமும் இல்லாமல் வந்தால்தான் ஆகும். மிச்ச சோற்றோடு முடிச்சுப் போட்டு எறிந்த கவர் வெள்ளக்கல் குப்பைக் கிடங்குக்குத்தான் போகும். வழியில் மாட்டின் வயிற்றுக்கும் போகலாம். அதன் சகப்பிணைப்பை அறுக்கும் சக்தி மாட்டின் வயிற்றுக்கும் இல்லை, மண்ணுக்கும் எளிதில் இல்லை.

ஆகவே அடுத்த முறை கவரை அலசும்போது இரண்டு சொட்டு சோப்பு விடுங்கள். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். பிசுக்கு போனதும் காயவைத்து, தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். கேரி பேக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

இதைவிட நல்ல வழியும் ஒன்று உண்டு. பரோட்டா வாங்கப் போகும்போது ஒரு தூக்குவாளி எடுத்துக்கொண்டு போங்கள்.